புகழ்ச்சி போதுமா?

துன்புறுவோரைக் காணும்போது நாம் பெரும்பாலும் அளிப்பது ஒரு சொல்லே. அச்சொல் அவர்தம் துன்பத்தைக் குறைக்கின்றதா, அன்றி நம் மனத்தின் உறுத்தலை மட்டும் குறைக்கின்றதா என்று ஆராய்தல் நன்று.

பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூரில் பிழைக்க வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புகின்றார். ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம் உடைய மகனைத் தாய் பகலெல்லாம் தனியே காக்கின்றார். மகனுக்குப் பேச்சு வரவில்லை. இரவில் உறக்கம் இல்லை. ஓசை மிகுந்தால் காதைப் பொத்திக்கொண்டு கதறுகின்றான். பனியன் கம்பெனிக்குச் செல்ல இயலாத அத்தாய், வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிச் சிறிது பொருள் ஈட்டுகின்றார். பாட்டியும் அத்தையும் தொலைவில், சொந்த ஊரில் இருக்கின்றனர்.

இத்தாயிடம் ஊரார் கூறுவன இரண்டு. ஒன்று, "எல்லாம் முன்வினைப் பயன்" என்பது. வினைக் கொள்கை நம்மை நாமே ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்கு உரியது. பிறர் துயரை அளக்கும் கோல் அன்று. அவ்வாறு கூறுவது சொல்லால் இழைக்கும் இம்சையே ஆகும்.

கற்றோரும் இப்பிழையைச் செய்ததுண்டு. 1943-ல் லியோ கேனர் இந்நிலையை விளக்கி எழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலைநாடுகளில் பரவிற்று. அதனை 1964-ல் மறுத்து நூல் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்ட், உளவியலாளர் மட்டுமல்லர். இத்தகைய குழந்தையின் தந்தையும் ஆவார். இது மூளை வளர்ச்சி சார்ந்தது, மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு, வளர்ப்பு இதற்குக் காரணமன்று என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிபு.

ஊரார் கூறும் மற்றொன்று, "நீங்கள் பொறுமைக் கடல், தெய்வத் தாய்" என்பது. பாராட்டு ஊக்கம் தருமே, அதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். ஊக்கம் தரும், உடன் ஓர் உதவியும் வந்தால். வெறும் பாராட்டோ அவர் வாயை அடைத்துவிடுகின்றது. தெய்வம் என்று போற்றப்பட்டவர் "களைத்துவிட்டேன்" என்று எவ்வாறு கூறுவார்? நீங்காத சோர்வும், காரணமின்றி வரும் அழுகையும், வாழ்வில் வெறுப்பும் அன்புக் குறைவின் அடையாளங்கள் அல்ல. சிகிச்சை வேண்டும் நோயின் குறிகள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம் என்பதை அவருக்கு எடுத்துரைப்பதும் ஓர் உதவியே.

அத்தாயின் ஆழ்ந்த அச்சம் ஒன்று உண்டு: "எனக்குப் பின் இவனுக்கு யார்?" 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தில்லியில் தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஆட்டிசம் உள்ள மகனின் தாயே. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயது கடந்த இத்தகையோர்க்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. அதற்கான குழு மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்குவது. இதனை அறியாத பெற்றோருடன் ஆட்சியர் அலுவலகம் வரை ஒருமுறை சென்று வருவது நமக்கு அரிதன்று.

சட்டம் செய்ய இயலாதவற்றை அண்டை வீட்டார் செய்யலாம். வாரம் இரண்டு மணி நேரம் குழந்தையுடன் இருந்து, தாயை உறங்கவிடலாம். முதலில் அவர் அருகிருக்கும்போதே குழந்தையோடு பழகிக்கொள்ளல் வேண்டும். தொழில் நடத்துவோர் அத்தந்தைக்கு வாரம் ஒருநாளேனும், கூலி குறையாமல், மாலையிலேயே வீடு திரும்ப வகை செய்யலாம். நம் விழாக்களில் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து, அக்குடும்பத்தையும் அழைக்கலாம். குழந்தை கதறினால் திரும்பிப் பாராதிருப்பதும் உதவியே.

தானங்களுள் அபயதானம் சிறந்தது என்பர். வாள்முனையில் நிற்கும் உயிரைக் காப்பது மட்டும் அபயம் அன்று. "நான் தனியள் அல்லள்" என்ற நம்பிக்கையை ஒரு தாய்க்கு அளிப்பதும் அபயமே. அத்தானத்திற்குப் பொருள் வேண்டுவதில்லை, நேரமே வேண்டும். அதனை இவ்வாரமே அளிக்கத் தொடங்குவோமாக.