காது வில்லை

விடிகாலை ஐந்தரை. இரும்புலியூர்ப் பக்கம் நடந்தால் அந்த நேரத்திலும் ஜி.எஸ்.டி. சாலையின் லாரி இரைச்சல் விடாது. சந்துக்குள் திரும்பினால்தான் பால் பீய்ச்சும் சத்தம் காதில் விழும். அங்கே ஓர் அம்மா ஒரே ஒரு மாடு வைத்திருக்கிறார். சென்ற வாரம் அதன் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைப் பார்த்தேன். பன்னிரண்டு இலக்க எண். நம் ஆதாருக்கும் பன்னிரண்டுதான்.

கதை கிடைத்துவிட்டது என்று வேகமாக வீடு திரும்பி எட்டுப் பக்கம் எழுதினேன். அந்த மாடு பேசியது. எனக்கு உடன்பாடான கருத்துகளையே பேசியது. மூன்று நாள் கழித்து எடுத்துப் படித்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் மாட்டை எங்கும் காணோம்.

*

பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யை மறுபடி எடுத்தேன். 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுத்துரிமையின் பக்கம் நின்றது. அதன் பிறகு வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்று முன்னுரையில் சொல்கிறார். கடைசியில் மிஞ்சியது வெள்ளாடு.

அந்த உலகத்தில் ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி அரசாங்க அடையாளம் போட வேண்டும். வரிசையில் நிற்கும் சனங்கள் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். குட்டி கறுப்பு என்பதாலேயே அதிகாரிகளுக்குச் சந்தேகம். எதைச் சொல்கிறார் என்பது படிக்கிற யாருக்கும் புரியும். ஆனால் புத்தகத்தை மூடிய பின் என்னோடு தங்கியது வேறு: தாயில்லாத அந்தக் குட்டிக்குப் பாலூட்ட அதை வளர்க்கும் கிழவி படும் பாடு. குட்டி போட்ட இன்னொரு ஆடு அதை அண்டவிடாமல் விரட்டுகிறது. அந்தப் பசியை நம்பியதால்தான் பிறகு வரும் வரிசையையும் பயத்தையும் நம்பினேன். காது குத்தும்போது எனக்கும் வலித்தது.

*

நம்மிடம் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: உள்ளுறை. தலைவி வெளிப்படையாகச் சொல்ல முடியாததை ஒரு பறவையோ மரமோ விலங்கோ சுமக்கும். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு நிலம் என்கிறார் தொல்காப்பியர். தெய்வத்தை ஏன் விலக்கினார் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். தெய்வம் வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும் என்பது என் ஊகம்.

அகநானூற்றில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய ஓர் எருமை இருக்கிறது. சேற்றில் நின்று நின்று வெறுத்துப்போய், ஊரே உறங்கும் இரவில் கயிற்றை அறுத்துக்கொள்கிறது. முள்வேலியைக் கொம்பால் விலக்கி, மீன்கள் மிரண்டு ஓட, வள்ளைக் கொடியை மிதித்துக்கொண்டு போய்த் தாமரையை மேய்கிறது. பரத்தையிடம் போய்வந்த கணவனுக்கான பேச்சு அது. எருமைக்கு அது தெரியாது. அதற்குச் சேறு அலுத்துவிட்டது, தாமரை வேண்டும், அவ்வளவுதான். எருமை முழு எருமையாக இருப்பதால் அந்தக் கணவனால் தப்பவே முடியவில்லை.

*

2019 கோடையில் குரோம்பேட்டை, தாம்பரம் தெருக்களில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. எங்கள் தெருவிலும் நின்றன. அப்போது அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். 1973-இல் புத்தகமாக வந்தது. அதை நாட்டின் வறட்சியாக, மனித உறவுகளின் வறட்சியாக வாசித்தவர்கள் உண்டு. ஆனால் அசோகமித்திரன் ஜமுனாவையும் டீச்சரம்மாவையும் விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. குடம் கனக்கிறது. அடுத்த தெருவில் தண்ணீர் வருகிறதாம் என்றால் அங்கே ஓட வேண்டும். படித்துக்கொண்டிருந்த அன்று மாலை நானும் இரண்டு குடம் தூக்கினேன். மாடிப்படி ஏறுகையில் எந்த அர்த்தமும் தோன்றவில்லை. பிளாஸ்டிக் குடத்தின் விளிம்பு விரலை அறுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

*

நேற்று அந்த அம்மாவிடம் நின்று பேசினேன்.

"டேக் போட்டு எத்தனை நாளாச்சும்மா?"

"பதினஞ்சு நாள் இருக்கும் தம்பி. இது இல்லைன்னா இன்சூரன்ஸ் கெடையாதுன்னாங்க. போட்டுக்கிட்டேன். காதுதான் புண்ணாயிடுச்சு, பாருங்க. ஈ வந்து மொய்ச்சுக்கிட்டே இருக்கு."

கொட்டாங்குச்சியில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து வைத்திருந்தார். ஒரு விரலால் தொட்டு, வில்லையைச் சற்றே தூக்கி, அடியில் தடவினார். மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. "சரிடி, சரிடி" என்றார்.

அரசைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் எட்டுப் பக்கத்தில் ஓர் ஈகூட இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்தியது. எண்ணை எழுதியிருந்தேன், எண் ஏறிய காதை எழுதவில்லை.

அந்த எட்டுப் பக்கத்தை எழுதவைத்த கோபம் குறைந்துவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது. இப்போது அதற்கு வேப்பெண்ணெய் வாசனை.

*

இன்று காலை சந்துக்குள் நுழைந்ததும் மாடு காதை உதறியது. வில்லை கொம்பில் பட்டுச் சின்னதாக ஒரு சத்தம். அந்த அம்மா ஒரு கையால் ஈயை விரட்டி, மறு கையால் கறந்துகொண்டிருந்தார். புண்ணின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.