எண்ணாது நேர்ந்த தீங்கும் ஹிம்சையோ?

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள். ஸ்ரீ வர்த்தமானர் வீடுபேறு எய்திய நன்னாளாகிய தீபாவளி. விடியற்காலைப் பூசை முடிந்து ஜினாலயத்து முன்மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். எவர் வாயிலும் பண்டிகைப் பேச்சு இல்லை. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயனற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றுள் இரண்டு நாட்களுக்கு முன் மாலையில் வீழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இன்னும் மீட்கப்படவில்லை. (29-ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலையே மேலே கொணர்ந்தனர்.) அப்போது முதியவர் ஒருவர், “அக்குழந்தையின் ஆயுள் வினை எவ்வளவோ அவ்வளவே, இதில் எவரை நோவது?” என்றார். ஒருவரும் மறுத்துரைக்கவில்லை. யானும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. எங்கள் நிலத்திலும் அத்தகைய குழி ஒன்று கிடந்தது.

ஆறரை அங்குலத் துளை. இருநூறு அடிக்குமேல் தோண்டியும் நீர் காணவில்லை. மேலே இறக்கியிருந்த இரும்புக் குழாயை அடுத்த கிணற்றுக்கு உதவுமென்று பிடுங்கிக் கொண்டோம். நம் பக்கத்து உழவர் பெரும்பாலோர் செய்வது இதுவே. வாயின் மேல் ஒரு சாக்கு, அதன் மேல் ஒரு கல். இரண்டு ஆண்டுகள் அவ்வாறே இருந்தது. எவரும் வீழவில்லை, எதுவும் நேரவில்லை. குடிநீரை வடிகட்டி, வடிதுணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே திரும்பச் சேர்ப்பிக்கும் மரபில் வந்த குடும்பம் எங்களுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதியவரின் சொல் ஆகமத்துக்குப் புறம்பானதன்று. உயிர்கள் தத்தம் ஆயுள் கர்மம் தேய்வதாலேயே இறக்கின்றன. பிறனைக் ‘கொல்கிறேன்’ என்று கருதுவோன் அறியாமையில் இருப்பவன் என்பது ஆசாரிய குந்தகுந்தர் சமயசாரத்தில் உணர்த்தும் கருத்து. ஆனால் பொன்னூர் மலையோடு சேர்த்து நாம் போற்றும் அதே ஆசாரியர், பிரவசனசாரத்தில் மற்றொன்றையும் உணர்த்துகிறார்: பிறிதோர் உயிர் மாய்ந்தாலும் மாயாவிடினும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு ஹிம்சை உறுதி, சமிதியோடு ஒழுகுபவனுக்கோ, தன்னால் ஓர் உயிர் மாய்ந்துவிட்ட அளவினால் மட்டும் பந்தம் இல்லை. தத்துவார்த்த சூத்திரமும் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுங்கால் கொல்லும் பகையை முன்வைக்கவில்லை. பிரமாதத்தையே, அதாவது விழிப்பின்மையையே முன்வைக்கிறது. ஆயுள் வினை என்பது இறந்தவனைப் பற்றிய பேச்சு. குழியைத் திறந்து வைத்தவனைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. ஒருவன் வினையை எடுத்து மற்றொருவன் கணக்கைத் தீர்ப்பது நம் சித்தாந்தத்தில் எங்கும் இல்லை.

இக்கருத்தின் கூர்மை நம்மைத்தான் முதலில் தைக்கிறது. ‘ஒன்றும் நேரவில்லையே’ என்பது விடையாகாது. அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் குழந்தையும் அவ்வழியே வராதது அக்குழந்தைகளின் நல்வினை. எனது அறம் அன்று. இல்லறத்தார் விலக்க வேண்டிய அனர்த்ததண்டத்தின் ஐந்து வகைகளுள் பிரமாத சரியையும் ஒன்றென சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் வகுக்கிறது. அவ்வழி வந்த அருங்கலச்செப்பு நம் வீடுகளில் இன்றும் ஓதப்படுகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தல் அதனுள் அடங்கும். பயன் கருதி அகழ்ந்து, பயன் தீர்ந்தபின் அப்படியே விட்டுவிடுவதும் அதன் உடன்பிறப்பேயாம்.

நாட்டுச் சட்டம் இதனை எவ்வாறு காண்கிறது? கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு இரண்டாண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் அளவிலேயே தண்டிக்கும் சிறு பிரிவும் உண்டு. எனினும் இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கு காயம் ஒன்று நேரும்வரை காத்திருக்க வேண்டியதே. அறம் அவ்வாறு காத்திருப்பதில்லை.

மறுபுறத்தில் சட்டம் அறத்தைக் கடந்தும் செல்கிறது. இங்கிலாந்தில் ஓர் ஆலை உரிமையாளர் தேர்ந்த பொறியாளரைக் கொண்டு நீர்த்தேக்கம் ஒன்று அமைத்தார். அதன் அடியில் எவரோ என்றோ கைவிட்ட சுரங்கத் துளைகள் இருந்தன. அவர் அதனை அறியார். நீர் அவற்றின் வழியே பாய்ந்து அண்டை நிலத்தாரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868-இல் பிரபுக்கள் சபை, அவரிடம் கவனக்குறைவு காணாதபோதும், இழப்பை ஈடு செய்யவேண்டுமெனத் தீர்த்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் எனப்படும் வழக்கு இது. தில்லியில் 1985 டிசம்பரில் நேர்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒருபடி மேலே சென்றது: ஆபத்தான தொழில் நடத்துவோர், எத்துணைக் கவனத்தோடு இருந்தோம் என்று மெய்ப்பித்தாலும், விளைந்த தீங்குக்கு முழுப் பொறுப்பாவர்.

ஆகவே, கவனமாக இருந்தும் தீங்கு நேர்ந்தவன் பாவியல்லன். ஆயினும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவனாகலாம். கவனமின்றி இருந்தும் தீங்கு நேராதவன் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஹிம்சையின் பாற்பட்டவன். இவ்விரண்டையும் நாம் குழப்பிக் கொள்கிறோம். விபத்தில் காயமுற்றவருக்கு உதவப் புறப்பட்டால், “கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்” என்று உறவினர் தடுக்கின்றனர். வழக்கில் விடுதலை கிடைத்தால் நெஞ்சும் விடுதலை பெற்றதாக எண்ணுகின்றனர். காப்பீட்டு நிறுவனம் பணத்தைத்தான் செலுத்தும். பிரமாதத்தைச் சுமக்க ஒரு நிறுவனமும் இதுவரை தோன்றவில்லை.

குழி தோண்டியவரைக் கேட்டால் நில உடைமையாளரைக் காட்டுவார்; உடைமையாளர் போர் வண்டிக்காரரைக் காட்டுவார். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைக்கும் நம் ஆகமத்தின் முன் இந்த வாதம் நில்லாது. உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறைகளும் இருவரையும் விடவில்லை. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னரே அதிகாரிகளுக்கு அறிவித்தல்; இருவர் முகவரியும் எழுதிய பலகை நிறுத்துதல்; வேலை நடக்கையில் முள்வேலி இடுதல்; குழாயின் வாயை இரும்புத் தகடு பற்றவைத்தோ, திருகாணி கொண்டோ மூடுதல்; கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் முதலியவற்றால் நிரப்புதல். தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பகுதிகளுக்கு 2015-இல் தனி விதிகள் வந்தன. இவையெல்லாம் இருந்தும் 2019-இல் அக்குழி திறந்தே இருந்தது, எங்களுடையதும்.

அன்று பிற்பகலே மகனுடன் நிலத்துக்குச் சென்றேன். சாக்கு மக்கிப்போயிருந்தது. மழையில் கரை சரிந்து, வாய் ஒரு முழம் அகன்றிருந்தது. கல் ஒருபுறம் சாய்ந்து நின்றது. கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே பார்த்தோம். எட்டடி ஆழத்தில், மண் பிதுங்கிய ஒரு திட்டில் தேரை ஒன்று அமர்ந்திருந்தது. மண்ணைக் கொட்டினால் அது புதையும். கொட்டாவிடில் குழி அப்படியே இருக்கும். மகன் என் முகத்தைப் பார்த்தான். வைக்கோற்புரியை முறுக்கி அத்திட்டு வரை தொங்கவிட்டு, சுற்றிலும் முள் வெட்டிப்போட்டு, இரவு முழுவதும் ஓர் ஆளைக் காவல் வைத்தோம். காலையில் தேரையைக் காணவில்லை. ஏறிச் சென்றதா, கீழே வீழ்ந்ததா, அறியேன். களிமண்ணும் சரளையுமாக இரண்டு வண்டி பிடித்தது. ஒரு வாரம் கழித்து மண் சற்று அமிழ்ந்திருக்கவே, மேலும் நான்கு கூடை இட்டு மிதித்தோம்.