படிப்புக்கும் மகமை உண்டு

(தேவகோட்டையில் புனித அருளானந்தர் திருநாளையொட்டி ஆற்றிய உரை)



செட்டிநாட்டில் நின்று பேசுகிறவன் கணக்கு வழக்கைத் தொடாமல் பேச முடியாது. ஆண்டவரும் தொட்டிருக்கிறார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை முழுக்க வரவு செலவுதான். பயணம் போகும் முதலாளி மூன்று பணியாளரிடம் முதலை ஒப்படைக்கிறார். இருவர் பெருக்கினார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்து வைத்தான். திரும்பி வந்தவர் யாரைக் கோபித்தார்? திருடியவனையா? இல்லை. காசு குறையாமல் அப்படியே திருப்பித் தந்தவனை! வட்டிக்காவது கொடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். இந்தக் கேள்வியின் நியாயம் நம் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்?

முதலைப் பறிகொடுத்த ஊரும் இதுதான். 1930-களின் கடைசியில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விளைநிலம் நம் செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. கடையையும் பெட்டியையும் விட்டுவிட்டுக் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பியவர்கள் பலர். அடுத்த ஆண்டு, 1943-இல், இயேசு சபைக் குருக்கள் இங்கே தே பிரித்தோ பள்ளியைத் தொடங்கினார்கள். 1947-இல் காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் கல்லூரி கண்டார். பணம் போன மண்ணில் பள்ளிக்கூடங்கள் முளைத்த காலம் அது.

கல்வியைக் கள்வர் கொள்ள மாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. யாரும் எடுக்க முடியாத பொருளைப் புதைப்பது மிக எளிது! குழிகூடத் தோண்ட வேண்டாம். என் படிப்பு, என் சம்பளம், என் வீடு என்று இருந்துவிட்டால் போதும். மூன்றாம் பணியாளன் செய்ததும் அதுதானே?

இந்தப் பள்ளி யாருடைய பெயரைச் சுமக்கிறது என்று பாருங்கள். தே பிரித்தோ என்ற அருளானந்தர் 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். மறைப்பணிக்காக இங்கே வந்தவர், 1686-இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, சிறுவயதுத் தோழனான போர்த்துகல் மன்னன் பேதுரு, இங்கேயே தங்கி இளவரசனுக்கு ஆசானாக இரும் என்று கேட்டான். எப்பேர்ப்பட்ட வேலை! அவர் தங்கவில்லை. மறுபடியும் மறவ நாட்டுக்கே வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூர் மணலில் தலை கொடுத்தார். 1947-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது இந்தப் பள்ளிக்கு நான்கு வயது. அரண்மனைப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல மறுத்தவரின் பெயரில் இன்று கண்மாய்க்கரை ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நகரத்தார் வணிகத்தில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. லாபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் எடுத்து வைப்பார்கள். அதற்குக் கணக்கில் தனிப் பற்று உண்டு. மனம் இருந்தால் கொடுப்போம், மிஞ்சினால் கொடுப்போம் என்பது மகமை ஆகாது.

படிப்புக்கும் மகமை உண்டு, பிள்ளைகளே! பின்னக் கணக்கு உனக்குப் புரிந்துவிட்டதா? கடைசி பெஞ்சில் விழிக்கிறானே ஒருவன், அவனுக்குச் சொல்லிக் கொடு. அது மகமை. மணி அடித்த பிறகும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காரும் ஆசிரியர் செலுத்துவதும் மகமைதான். 1973-இல் வாலென்சியா நகரில், இயேசு சபைத் தலைவர் பேதுரு அருப்பே, பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே நம் பள்ளிகளின் வேலை என்றார். கேட்டுக்கொண்டிருந்த முன்னாள் மாணவர் சிலருக்கு அது கசந்தது. மகமை கேட்டால் சிலருக்குக் கசக்கத்தான் செய்யும்.

பெற்றோரே, இன்று வீட்டுக்குப் போனதும் “எத்தனை மார்க்?” என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, “இன்னிக்கு யாருக்குச் சொல்லிக் கொடுத்தே?” என்றும் கேளுங்கள். முதலாளி திரும்பி வந்து கணக்குக் கேட்கும் நாளுக்கு உங்கள் பிள்ளை இப்போதே பழகிக்கொள்ளட்டும். ஆமென்.