நிறைந்திருக்கிற வீட்டில் இயேசுவுக்கு இடம் உண்டா?



கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருகிற சத்திரக்காரனை எல்லாருக்கும் தெரியும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இங்கே இடமில்லை, போங்க போங்க" என்று விரட்டுவான். நாமும் அவனை மனசுக்குள் திட்டுவோம். ஆனால் லூக்கா 2:7-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். சத்திரக்காரன் என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை! குடிமதிப்புக்கு வந்த ஜனங்களால் ஊர் நிறைந்துபோனது, இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் பிள்ளையைப் பகைத்துக் கதவைச் சாத்தியதாக எழுதப்படவில்லை.

பகையைவிட இந்த நிறைவுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. சினிமாவையும் சீட்டாட்டத்தையும் கர்த்தர் நம்மைவிட்டு எடுத்துப்போட்டார். இப்போது நம் நாட்களை நிறைத்திருப்பது உபவாச ஜெபம், இரவு ஜெபம், வீட்டுக் கூட்டம், கன்வென்ஷன், பாட்டுப் பயிற்சி. எல்லாம் நல்ல காரியங்கள். நல்ல காரியங்களால் நிறைந்திருக்கிற ஒருவன், ஆண்டவர் வாசலில் வந்து நிற்கும்போது எதை விலக்கி அவருக்கு இடம் கொடுப்பான்?

நம்முடைய மாவட்டத்திலேயே, பண்ணைவிளையில், இந்தக் கேள்வி ஒருவருக்கு வந்தது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். தமிழ் படித்து, நம் சகோதரிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொன்னார்கள். 1901 மார்ச் மாதம், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஏழு வயதுப் பிள்ளை பிரீனா தப்பி ஓடி அவர்களிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னே இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். பால் காய்ச்சணும், காய்ச்சல் கண்டால் ராத்திரி முழிச்சிருக்கணும், நகம் வெட்டணும். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது நின்றுபோனது. ஆத்தும ஆதாயத்தை விட்டுவிட்டு ஆயா வேலையா என்கிற போராட்டம் அந்த அம்மாவுக்கும் இருந்தது. சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவரிடத்தில்தான் (யோவான் 13) அதற்குப் பதிலைக் கண்டார்கள். டோனாவூர் ஐக்கியம் அப்படி எழும்பினது. 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும் மட்டும் சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

அவர்கள் விலக்கி வைத்தது ஒரு பாவத்தை என்றால் நமக்கு எளிதாய்ப் புரிந்துவிடும். விலக்கி வைத்தது பிரசங்க ஊழியத்தை!

சூனேமியாள் எலிசாவுக்கு மேலே ஒரு அறை கட்டி, கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்தாள் (2 இராஜாக்கள் 4). நல்ல ஸ்திரீ. எலிசா வந்துபோகிறவர், அவருக்கு அது போதும். நாம் இயேசுவுக்கும் அப்படியே மாடியில் ஒரு அறை கொடுத்துவிட்டு, காலையில் அரை மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். கீழே நம்ம ராஜ்யம். அவரோ உள்ளே வந்து கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார் (வெளி. 3:20). சாப்பிட உட்கார்ந்தால் அடுப்படி தெரியுமே! வேலைக்கு வருகிற அக்காவுக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருப்பதும் தெரியும். வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களின் கூலியை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறவர் நம் சபையில் இருந்தால், அவருடைய கணக்கு நோட்டும் தெரியும். யாக்கோபு 5:4-ஐ வாசியுங்கள், நான் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். பக்கத்து மேலப்புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீடுகளில் இருந்த அரிசி பருப்பைப் போட்டுச் சமைத்து அவர்களைப் போஷித்தார்கள். இயேசுவுக்கென்று நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மத்தேயு 25-ல் வலது பக்கத்தில் நிற்கிறவர்களும், ஆண்டவரே, உம்மை எங்கே பார்த்தோம் என்றுதானே ஆச்சரியப்படுகிறார்கள்! உடனே, "கிரியையினாலா இரட்சிப்பு?" என்று என்னை மடக்குவீர்கள். இல்லை, கிருபையினால்தான். அந்தக் கிருபையைப் பெற்ற நம் வீட்டுக் கதவுகள் அந்த வாரத்தில் எத்தனை பேருக்குத் திறந்தன என்றுதான் கேட்கிறேன்.

"அப்போ ஜெப அறை வேண்டாமா பாஸ்டர்?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். கட்டாயம் வேண்டும் அம்மா. ஆண்டவரே இருட்டோடே எழுந்து தனியாய்ப் போய் ஜெபித்தாரே (மாற்கு 1:35). ஆனால் மாற்கு 6-ஐயும் சேர்த்து வாசியுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களைக் கூட்டிக்கொண்டு, ஓய்வெடுப்பதற்காகத்தான் அவர் படகில் போனார். கரை கிட்ட வந்தால், இவர்களுக்கு முன்னமே ஜனங்கள் ஓடி வந்து நிற்கிறார்கள். படகை வேறு பக்கம் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? தருவைகுளத்துச் சகோதரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அவர் இறங்கி, மனதுருகி, உபதேசிக்க ஆரம்பித்தார். பொழுது சாய்ந்ததும் அப்பத்தைப் பிட்டுப் பரிமாறக் கொடுத்தவரும் அவரே.