மட்டசனமும் சர்க்கரையும்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கரும்பும் பன்னீர்த் திராட்சையும் விளைகின்றன. இனிப்பு பாவமன்று, அளவு மீறிய இச்சையே போசனப்பிரியம். அதற்கு மாற்றான புண்ணியம் மட்டசனம்.

ஆனால், உடல் எடையைக் குறைக்க முயல்பவர் இனிப்பு ஆசைக்குத் தோற்றால், குற்றம் அவர் ஒருவருடையதுதானா? சற்றே கணக்குப் பாருங்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள், சர்க்கரை இருப்பது மிகவும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறிற்று. வேளைக்கு 2 கரண்டி வீதம் 3 வேளைத் தேநீரிலேயே அது தீர்ந்துவிடுகிறது! வெல்லமும் தேனும் பிழிந்த பழச்சாறும் இக்கணக்கில் சேரும். முழுத் திராட்சை சேராது.

ஒருவர் "சர்க்கரை வேண்டாம்" என்றால், "இன்று ஒரு நாள்தானே!" என்று வற்புறுத்துகிறோம். அதை உபசாரம் என்கிறோம். உண்மையில் அவருடைய நல்ல தீர்மானத்தை முறிக்கிறோம். தன் நாவை அடக்குவது அவர் கடமை. அவருக்குச் சோதனையாக இராதிருப்பது நம் கடமை.

ஆகையால், இவ்வாரம் முதல் வீட்டார் அனைவருக்கும் தேநீரில் அரைக்கரண்டி குறையுங்கள். நாக்கு மெல்லப் பழகிவிடும். விருந்தினர் "போதும்" என்றால் முதல் முறையே கையை நிறுத்துங்கள். அதுவும் பிறர்சிநேகமே.