ஏரியில் மோதிய கப்பல்

பிரான்சில், கிரெனோபிள் பக்கம், போர் ரெவெல் ஏரி. கப்பல் கேப்டன்களும் துறைமுக பைலட்டுகளும் 1967 முதல் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். நானும் போனேன். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பலுக்குள் அமர்ந்து ஓட்ட வேண்டும். நீளம் 25 மடங்கு சுருங்கினால் காலம் 5 மடங்கு விரையும். பத்து நிமிடத் திருப்பம் இரண்டே நிமிடத்தில் முடியும். மெல்லிய காற்றும் அங்கே புயல்தான்.

கால்வாயில் கரையை ஒட்டி வேகமாகச் செலுத்தினேன். இடுக்கில் நீர் விரைந்தது, அழுத்தம் குறைந்தது, பின்புறம் கரைக்கு இழுபட்டது, முகப்பு எதிர்க்கரையில் மோதியது. எண்ணெய் சிந்தவில்லை, எவருக்கும் காயமில்லை. இரவு முழுக்க உறக்கமில்லை.

நடக்காத விபத்துக்கு ஏன் இந்தக் குற்றவுணர்வு?

அப்பா சைவ சித்தாந்தம் படித்தவர். மாயை பொய்யல்ல என்பார். உயிரின் ஆணவ இருள் விலக, இறைவன் மாயையிலிருந்தே தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆக்கித் தருகிறான் என்று விளக்குவார். அன்றிரவுதான் அது எனக்கு உறைத்தது. கப்பல்தான் சிறியது, நீரின் விதி கடலின் விதியே. என் அவசரமும் அகந்தையும் முழு அளவில் இருந்தன.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஏரியில் மறுபடி தொடங்கலாம். கடலில் என் கப்பலிலிருக்கும் மாலுமிகளும் உயிர்கள். என் பாடத்துக்கான பொருள்கள் அல்லர்.

காலையில் அதே கால்வாய். நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்தேன்.