வாரிசுக்கு முன்

புனேயை அடுத்த நிக்டி பிராதிகரணில் வீடுகள் பெரியவை, குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்களுக்கு வீடு வேண்டுமென்று 1972இல் மகாராஷ்டிர அரசு ஏற்படுத்திய நவநகர் ஆணையம் பிரித்துக் கொடுத்த மனைகள் இவை. பஜாஜ், டெல்கோ, ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்று ஷிப்டு பார்த்தவர்கள் பி.எஃப். பணத்தை எடுத்தும் வளையலை அடகு வைத்தும் ஒரு தளம் கட்டினார்கள். பிறகு பையனுக்கென்று மாடி எடுத்தார்கள். பையன் இப்போது ஹிஞ்சவடியில் ஃபிளாட்டில் இருக்கிறான், இல்லையென்றால் ஹூஸ்டனில்.

வீட்டின் மதிப்பு கோடியைத் தாண்டியிருக்கும். கைக்கு வரும் பென்ஷன்? இந்தக் கம்பெனிகளின் தொழிலாளிக்கு உள்ளது 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின் ஓய்வூதியம். அதன் குறைந்தபட்சத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல்தான் நிர்ணயித்தார்கள். முப்பது வருடம் உழைத்தவருக்கும் சில ஆயிரங்கள்தான் தேறும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கினால் அதில் பாதி போய்விடும். வீட்டுச் சொத்துக் கணக்கில் அவர் கோடீஸ்வரர். மருந்துக் கடையில் நின்று பத்து மாத்திரைக்குப் பதில் ஐந்து போதும் என்பவரும் அவர்தான்.

இந்த முரணைத் தீர்க்கத்தான் 2007 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ரிவர்ஸ் மார்ட்கேஜை அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி விதிகளை வகுத்தது. 60 வயதானவர், தான் சம்பாதித்துக் கட்டிய, தான் குடியிருக்கும் வீட்டை வங்கியில் அடமானம் வைக்கலாம். தம்பதியாகச் சேர்ந்தால் ஒருவருக்கு 60, மற்றவருக்கு 55 ஆகியிருக்க வேண்டும். வங்கி மாதாமாதம் பணம் தரும். அவர்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை. வீட்டுக்கடனில் நாம் வங்கிக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிறோம், இதில் வங்கி நமக்குக் கட்டுகிறது. இருவரில் கடைசியாக இருப்பவரின் காலத்துக்குப் பிறகுதான் கணக்கு முடிக்கப்படும். வரும் பணம் வருமானமாகாது, வரி இல்லை என்று 2008இல் சட்டமும் வந்தது. ஆனால் வீட்டுவரி, இன்சூரன்ஸ், மராமத்து எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சுருதி இறங்குகிறது. வங்கி 40 லட்சம் வரை தரச் சம்மதிக்கிறது, வட்டி 10 சதவீதம், காலம் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 லட்சத்தில் வட்டியும் அடக்கம். ஆகவே மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 9,650 ரூபாய். பதினைந்து வருடத்தில் வாங்குவது 17 லட்சத்துச் சொச்சம், மீதி 22 லட்சத்துக்கு மேல் வட்டி. 15 ஆண்டு முடிந்தால் மாதப் பணம் நின்றுவிடும். வீட்டைக் காலிசெய்யச் சொல்ல மாட்டார்கள் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். 60 வயதில் ஆரம்பித்தவருக்கு 75இல் வருமானம் நிற்கிறது, சரியாக ஆஸ்பத்திரிச் செலவு கூடும் வயதில். இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக ஆயுள் முழுவதும் பணம் தரும் வகை பின்னால் வந்தது. அதுவும் பரவவில்லை.

அதே 2007இல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளை பார்க்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜீவனாம்சம் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல். ஒரே ஆண்டில் முதியவருக்கு இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்றில் பிள்ளையைக் கேட்கலாம், மற்றொன்றில் தன் வீட்டையே கேட்கலாம். 40 லட்ச ரூபாய்க் கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே தொகை. மகனைத் தீர்ப்பாயத்தில் நிறுத்தத் தயங்குவது புரிகிறது. வீட்டைக் கேட்கவும் ஏன் இவ்வளவு தயக்கம்?

வட்டிக் கணக்கு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பஞ்சாப் நேஷனல் வங்கி தன் திட்டத்துக்கு ‘பாக்பான்’ என்று பெயர் வைத்தது. அமிதாப் பச்சனும் ஹேமமாலினியும் பிள்ளைகளால் பந்தாடப்பட்ட பெற்றோராக நடித்த 2003ஆம் ஆண்டுப் படத்தின் பெயரும் அதுதான். அந்தப் பெயருள்ள படிவத்தில் கையெழுத்துப் போட எந்த அப்பா துணிவார்? பத்திரத்தில் அடமானமாவது வீடுதான். ஆனால் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மகனின் பெயரையே அடமானம் வைப்பதுபோல் இருக்கிறது. “பையன் பார்க்கலையா சார்?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், எழுந்து வந்துவிடுவார்.

நிக்டியில் இதற்கு மேல் ஒரு வேடிக்கையும் உண்டு. பிராதிகரண் மனைகள் 99 வருடக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை. 2021இல் அந்த ஆணையமே கலைக்கப்பட்டு வேறு அமைப்புகளோடு இணைக்கப்பட்டுவிட்டது. நம் வீடு, நம் பரம்பரைக்கு என்று தலைமுறைக் கணக்குப் பேசுகிறோம். கையில் இருப்பதோ நாள் குறித்த காகிதம்.

ஊரின் எல்லையில் பக்தி-சக்தி சிலையில் சிவாஜியும் துக்காராமும் சந்திக்கிறார்கள். துக்காராமின் குடும்பம் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம். கடன் பத்திரங்களில் தம்பியின் பங்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தன் பங்கை மட்டும் இந்திராயணி ஆற்றில் விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. துறவுக்காக அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது கணக்குச் சுத்தம். எது தன்னுடையது, எது தன்னுடையதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரிவர்ஸ் மார்ட்கேஜும் பாட்டன் சொத்தைத் தொடுவதில்லை, சுயமாகச் சம்பாதித்ததை மட்டுமே ஏற்கிறது.

தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல்தான் நம் பெற்றோர் தவிக்கிறார்கள். தாங்கள் கட்டிய வீட்டிலேயே, மகனுக்காகக் காவல் இருப்பவர்களைப்போல வாழ்கிறார்கள். பட்டினி கிடந்து காக்கப்படும் வீடு பிள்ளைக்கும் நல்லது செய்வதில்லை. யாரும் விரும்பாமலேயே, அப்பாவின் மரணத்தில் மகனுக்கு ஒரு லாபத்தை அது வைத்துவிடுகிறது. அவரோ அவன் கையை எதிர்பார்த்து ஒவ்வொரு மாதத்தையும் தள்ளுகிறார். இருவருக்கும் நடுவே பேசப்படாமல் அந்த வீடு நிற்கிறது. அப்பா தன் வீட்டிலிருந்தே தன் செலவுக்கு எடுத்துக்கொள்கிற அன்று, தீபாவளிக்கு வருகிறவன் வாரிசாக வருவதில்லை, மகனாக வருகிறான். இந்தத் திட்டத்தின் வட்டிக் கணக்கு மோசம் என்பேன், அதன் அடியில் இருக்கும் எண்ணம் சரியானது என்றும் சொல்வேன். வீட்டை விற்றுச் சிறிய ஃபிளாட்டுக்குப் போவதோ, மாடியை வாடகைக்கு விடுவதோ பலருக்கு இதைவிட லாபமாக இருக்கும். அதையும் இதே எண்ணத்தோடு செய்யலாம்.

இந்தப் பேச்சைப் பெற்றவர்கள் எடுக்கமாட்டார்கள். இதைப் படிக்கிற மகனோ மகளோதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பெற்றோர் காலத்துக்குப் பின் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் முதல் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. மீட்காமல் வங்கி விற்றால், கடன் போக மிஞ்சுவது வாரிசுகளுக்கே வரும். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் அந்தக் குறையை அவர்களிடம் வங்கி கேட்க முடியாது.